உயரத்தை விற்பவர்கள்

பங்குச் சந்தையில் பணம் போட்டிருப்பவர்களுள் ஒரு சாராருக்கு, தாம் வாங்கிய பங்கு நாளுக்கு நாள் விலை ஏறுவதைக் காணும் மகிழ்ச்சியோடு கூடவே ஒரு மனக்குறையும் உண்டாவது வழக்கம். கணக்கில் செல்வம் பெருகுகிறதே தவிர, பங்கை விற்றாலன்றி ஒரு காசும் கைக்கு வருவதில்லை. விற்கலாம் என்றாலோ, இன்னும் ஏறப்போகும் லாபத்தை இழந்துவிடுவோமே என்ற அச்சமும், அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டுமே என்ற வருத்தமும் சேர்ந்து கையைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன. விற்கவும் மனமில்லை, மாதந்தோறும் வருமானமும் வேண்டும் என்று விரும்பும் இத்தகையவர்களுக்காகவே ஏற்பட்டதுபோல் தோன்றுவது, தம்மிடமுள்ள பங்குகளின்மேல் கால் ஆப்ஷன் விற்கும் வியாபாரம். அமெரிக்காவில் இதைக் கவர்டு கால் என்கிறார்கள். என்விடியா, டெஸ்லா போன்ற தொழில்நுட்ப நிறுவனங்களின் பங்குகள் கண்மண் தெரியாமல் ஏறிய சமீப ஆண்டுகளில், இந்த முறை அந்நாட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வரையில் பரவிவிட்டது.

விஷயம் பார்வைக்குத்தான் கடினம். ஊருக்கு வெளியே ஒரு மனை வைத்திருப்பவரிடம் ஒருவர் வந்து, மூன்று மாதத்துக்குள் எப்போது கேட்டாலும் 50 லட்சம் ரூபாய்க்கு இதை எனக்குக் கிரயம் செய்துகொடுக்க வேண்டும், நான் வாங்காமலே போனாலும் போகலாம், அந்த உரிமைக்காக இப்போதே ஒரு லட்சம் தருகிறேன், அதைத் திருப்பித் தர வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் ரயில் வரப்போகிறதென்று அறிவிப்பு வெளியாகி மனை 70 லட்சத்துக்கு ஏறினாலும், எழுதிக்கொடுத்தவர் 50 லட்சத்துக்கே கொடுத்தாக வேண்டும்; ஒன்றும் வராமல் விலை சரிந்துவிட்டாலோ, வந்தவர் தம் ஒரு லட்சத்தை மறந்துவிட்டுப் போய்விடுவார், மனையும் அதன் விலைச் சரிவும் சொந்தக்காரர் தலையிலேயே தங்கும். மனைக்குப் பதிலாகப் பங்கு, 50 லட்சத்துக்குப் பதிலாக ஸ்டிரைக் விலை, ஒரு லட்சத்துக்குப் பதிலாகப் பிரீமியம், மூன்று மாதக் கெடுவுக்குப் பதிலாக எக்ஸ்பைரி என்று மாற்றிக்கொண்டால் கால் ஆப்ஷன் என்பது அவ்வளவுதான். அமெரிக்கச் சந்தையில் ஓர் ஒப்பந்தம் 100 பங்குகளைக் கொண்டது. தனி நிறுவனங்களின் பங்குகள்மேல் எழுதப்படும் ஆப்ஷனை வாங்கியவர், கெடு முடியும் நாள்வரை காத்திராமல் இடையில் எந்த நாளிலும் தம் உரிமையைப் பிரயோகிக்கலாம் என்பது அங்கே ஏற்பட்ட விதி.

இந்த வியாபாரம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஸேஜ் என்ற பெருந்தனக்காரர் இவ்வகை உரிமைச் சீட்டுகளை எழுதி விற்பதில் பேர்போனவராக இருந்தார். பங்கு, வாங்கும் உரிமையான கால், விற்கும் உரிமையான புட் ஆகிய மூன்றையும் தக்கபடி சேர்த்தால் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடலாம் என்ற சூட்சுமம், கணிதப் பேராசிரியர்கள் அதற்குச் சூத்திரம் எழுதுவதற்கு வெகு காலம் முன்பே அந்த வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சூட்சுமத்தின்படி பார்த்தால், பங்கைக் கையில் வைத்துக்கொண்டு அதன்மேல் கால் விற்பதும், பங்கே இல்லாமல் புட் விற்பதும் லாப நஷ்டக் கணக்கில் ஒன்றுதான்: இரண்டிலும் வருவது ஒரு சிறிய, வரம்புள்ள தொகை, போவதோ விலை எவ்வளவு சரிகிறதோ அவ்வளவு. 1884-ஆம் ஆண்டு மே மாதப் பீதியில் சந்தை சரிந்தபோது, புட் சீட்டு வைத்திருந்தவர்கள் ஸேஜின் அலுவலகத்தை முற்றுகையிட, அவர் பெருந்தொகை இழக்க நேர்ந்தது. கவர்டு கால் பத்திரமானது, புட் விற்பது மட்டுமே ஆபத்தானது என்று இன்றும் நம்புகிறவர்கள் அந்த மே மாதத்தை நினைத்துக்கொள்வது நல்லது.

தனித் தரகர்களின் சீட்டுகளாகக் கிடந்த இவை ஒழுங்கான சந்தையாக உருப்பெற்றது 1973 ஏப்ரல் 26 அன்று, சிகாகோ போர்டு ஆப்ஷன்ஸ் எக்ஸ்சேஞ்ச் திறக்கப்பட்டபோதுதான். முதல் நாளில் 16 நிறுவனங்களின் பங்குகள்மேல் 911 ஒப்பந்தங்கள் கைமாறின. அன்று கால் ஆப்ஷனுக்கு மட்டுமே இடம் இருந்தது, புட் அங்கு நுழைய 1977 ஆயிற்று. அதே 1973-இல் பிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் என்ற இருவரும் ஓர் ஆப்ஷனுக்கு நியாயமான விலை என்ன என்பதைக் கணக்கிடும் சூத்திரத்தை வெளியிட்டார்கள். ராபர்ட் மெர்ட்டன் அதை மேலும் விரித்தார். ஷோல்ஸுக்கும் மெர்ட்டனுக்கும் 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிளாக் அதற்கு இரண்டாண்டு முன்பே காலமாகிவிட்டார்.

அந்தச் சூத்திரத்தில் சாதாரண வாசகர் அறிந்துகொள்ளத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. பங்கின் இன்றைய விலை, ஸ்டிரைக் விலை, மிச்சமுள்ள நாட்கள், வட்டி விகிதம் ஆகியவற்றோடு, அந்தப் பங்கு எவ்வளவு வேகமாக மேலும் கீழும் அலைகிறது என்ற அளவும் அதில் இடம்பெறுகிறது. ஆனால் பங்கு ஏறுமா இறங்குமா என்ற யூகத்துக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே பிரீமியம் கொழுத்திருக்கிறது என்றால், அந்தப் பங்கு பெரிய அளவில் அலையும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்பதே பொருள். மின்சாரக் கம்பெனியின் பங்குக்கு ஒரு மாதப் பிரீமியம் அற்பமாகவும், என்விடியாவின் பங்குக்கு அதைப்போலப் பல மடங்காகவும் இருப்பது இதனால்தான். இந்தப் பிரீமியத்தை வாடகை என்றும், மாத வருமானம் என்றும், சும்மா கிடக்கும் பங்கைச் சம்பாதிக்க வைக்கும் உபாயம் என்றும் வர்ணிப்பவர்கள் ஏராளம். வாடகை என்பது வீட்டைத் திரும்பப் பெறுவோம் என்ற உறுதியோடு வருவது. இங்கே அந்த உறுதி இல்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை. பிரீமியம் என்பது, பங்கு திடீரென்று உயரக்கூடிய அந்த அபூர்வமான நாட்களுக்கு முன்கூட்டியே பெறப்படும் விலை. அந்த விலை போதுமா போதாதா என்பதுதான் கேள்வி.

2023 மே 24 அன்று நடந்ததை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியா மாநிலத்துச் சாண்டா கிளாரா நகரில் தலைமையகம் கொண்ட என்விடியா நிறுவனத்தின் பங்கு அன்று மாலை 305.38 டாலரில் முடிந்தது. சந்தை மூடிய பிறகு நிறுவனம் தன் காலாண்டுக் கணக்கை வெளியிட்டு, அடுத்த காலாண்டில் சுமார் 1,100 கோடி டாலருக்கு விற்பனை நடக்கும் என்று அறிவித்தது. நிபுணர்கள் எதிர்பார்த்திருந்ததோ சுமார் 720 கோடி. செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டிய சில்லுகளுக்கு உலகமெங்கும் எழுந்த தாகத்தை அந்த ஓர் எண் பிரத்தியட்சமாகக் காட்டிவிட்டது. மறுநாள் பங்கு 379.80 டாலரில் முடிந்தது. ஒரே நாளில் 24 சதவிகித ஏற்றம்.

இந்நிலையில் 100 பங்கு வைத்திருந்த ஒருவர், மூன்று வாரக் கெடுவும் 330 டாலர் ஸ்டிரைக் விலையும் உள்ள கால் ஆப்ஷனை 24-ஆம் தேதி விற்றிருந்ததாகவும், அதற்குப் பங்கு ஒன்றுக்கு 8 டாலர் பிரீமியம் கிடைத்ததாகவும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 800 டாலர் கையில் வந்தது; பங்கு 330 வரை ஏறினாலும் தமக்கு நஷ்டமில்லை, அதற்கு இன்னும் 8 சதவிகித இடைவெளி இருக்கிறதே என்று அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். விடிந்தபோது அவர் பங்குகளின் சந்தை மதிப்பு 37,980 டாலர். ஆனால் அவருக்கு வரக்கூடியது 33,000 டாலரும் ஏற்கெனவே வாங்கிய 800 டாலரும்தான். மீதி 4,180 டாலர், எட்டு டாலர் கொடுத்து உரிமை வாங்கிய முகம் தெரியாத மனிதருக்கு உரியதாகிவிட்டது. இந்த ஓர் இரவில் விட்டதை மாதம் 800 டாலர் வீதம் திரும்பச் சேர்ப்பதற்கு, ஒன்றும் நேராத அமைதியான மாதங்கள் ஐந்துக்கு மேல் வேண்டும். மாலையில் அறிவிப்பு வந்ததுமே ஒப்பந்தத்தைத் திருப்பி வாங்கித் தப்பித்திருக்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. பங்கு வியாபாரம் மணி அடித்த பிறகும் மின்னணு முறையில் நடக்கும்; பங்குகள்மேல் எழுதிய ஆப்ஷன் வியாபாரமோ மாலை நான்கு மணியோடு நின்றுவிடும். மறுநாள் காலை அது திறக்கும்போது விலை ஏற்கெனவே ஏறி முடிந்திருக்கும்.

நஷ்டம் என்று இதைச் சொல்லலாமா என்று சிலர் வாதிப்பார்கள். 305-இல் இருந்த பங்குக்கு 338 கிடைத்ததே, இதில் வருந்த என்ன இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. அந்த வாதம் தவறன்று. தாம் விற்கும்போதே 338 போதும் என்று மனமாரத் தீர்மானித்தவருக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் பெரும்பாலோர் அப்படித் தீர்மானித்து விற்பதில்லை. பங்கு கையை விட்டுப் போகாது என்ற நம்பிக்கையில் விற்றவர்களாதலால், 380-ஐக் கண்டதும் ரோல் செய்வது என்ற அடுத்த உபாயத்தைத் தேடுகிறார்கள். அதாவது, பழைய ஒப்பந்தத்தை ஐம்பது டாலருக்கு மேல் கொடுத்துத் திருப்பி வாங்கிவிட்டு, அந்தச் செலவை ஈடுகட்ட இன்னும் நெடுங்கெடுவில் சற்று உயர்ந்த ஸ்டிரைக் விலைக்கு வேறொன்றை விற்பது. இதனால் கணக்குப் புத்தகத்தில் ரணம் மறைகிறது; ஆனால் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ கை கட்டப்பட்டுவிடுகிறது. அந்த ஜூன் நடுவிலேயே என்விடியா 420 டாலரைத் தாண்டிற்று. 2022 முடிவில் 146 டாலராக இருந்தது 2023 முடிவில் 495 டாலராயிற்று. ரோல் செய்துகொண்டே போனவர்கள், ஏறும் பங்கின் வாலைப் பிடித்துக்கொண்டு அவ்வாண்டு முழுவதும் ஓடினார்கள்.

இறங்கும் பக்கத்திலும் பார்த்துவிடவேண்டும். ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்த பின், 2025 ஜனவரி 27 அன்று, டீப்ஸீக் என்ற சீன நிறுவனம் மிகக் குறைந்த செலவில் செயற்கை நுண்ணறிவை உருவாக்கிவிட்டது என்ற செய்தியால் என்விடியா பங்கு 142.62 டாலரிலிருந்து 118.42 டாலருக்கு ஒரே நாளில் விழுந்தது. நிறுவனத்தின் சந்தை மதிப்பில் ஏறக்குறைய 59,000 கோடி டாலர் மறைந்தது; அமெரிக்கச் சந்தையில் அதுவரை ஒரு தனி நிறுவனம் ஒரு நாளில் அவ்வளவு இழந்ததில்லை. மூன்று டாலர் பிரீமியம் வாங்கியவருக்கு அன்றைய 24 டாலர்ச் சரிவில் மூன்று டாலர் ஆறுதல் கிடைத்தது. அதற்குப் பின் வருவதுதான் மேலும் விபரீதம். பங்கு 118-இல் கிடக்கும்போது 150 டாலர் ஸ்டிரைக்குக்கு யாரும் உருப்படியாகப் பணம் தரமாட்டார்கள்; ஆகவே மாத வருமானத்துக்குப் பழகியவர் 125-க்கோ 130-க்கோ இறங்கி வந்து விற்பார்; பங்கு மீண்டெழும்போது தம் அடக்க விலைக்கும் கீழே பங்கைக் கொடுக்க நேரும். சரிவு முழுவதும் தமக்கு, மீட்சி பிறருக்கு என்ற இந்த ஏற்பாட்டை எவரும் நேராகக் கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார். மாதா மாதம் சிறிது சிறிதாகக் கேட்கும்போது ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

ஏறும் நாட்கள் சிலவே என்பதால் அவற்றை விற்றால் என்ன குறைந்துவிடும் என்று நினைக்கலாம். ஹெண்ட்ரிக் பெஸெம்பைண்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1926 முதல் 2016 வரை அந்நாட்டுச் சந்தையில் இடம்பெற்ற பங்குகள் அனைத்தையும் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு இங்கே நினைக்கத்தக்கது. சந்தை முழுவதும் அத்தனை காலத்தில் அரசாங்கக் கடன் பத்திரங்களைக் காட்டிலும் மிகுதியாக ஈட்டிய செல்வம் அனைத்தையும் நூற்றுக்கு நான்கு நிறுவனங்களே ஈட்டித்தந்தன என்றும், மற்றவை எல்லாம் சேர்ந்து அக்கடன் பத்திரங்களுக்குச் சமமாகவே நின்றன என்றும் அவர் கண்டார். அந்த நான்கில் ஒன்று தற்செயலாக நம் கையில் இருந்தால், மற்றத் தொண்ணூற்றாறின் ஏமாற்றத்தையும் அது ஒன்றே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. தொழில்நுட்பப் பங்குகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருப்பவர், அவற்றுள் வேகமாக ஏறுவதன்மேல்தான் பிரீமியம் அதிகம் என்று அதையே தேர்ந்து கால் விற்பாரானால், எந்தக் குதிரைக்காக லாயம் முழுவதையும் தீனி போட்டு வளர்த்தாரோ அந்தக் குதிரைக்கே கால்கட்டுப் போடுகிறார்.

இதையே தொழிலாகச் செய்யும் நிதிகளின் சரித்திரமும் இதையே சொல்கிறது. 2013 டிசம்பரில் தொடங்கப்பட்டு, பின்னர் குளோபல் எக்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்த ஒரு நிதி, அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையிலுள்ள பெரிய நிறுவனங்களைக் கொண்ட நாஸ்டாக் 100 குறியீட்டிலுள்ள பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஏறக்குறைய அன்றைய விலையிலேயே மாதா மாதம் கால் விற்று, அந்தப் பணத்தை முதலீட்டாளர்களுக்குப் பங்கிட்டு வருகிறது. பத்தாண்டுகள் சென்றபின் நாஸ்டாக் 100 நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. 25 டாலர் அளவில் தொடங்கிய இந்த நிதியின் யூனிட்டோ 20 டாலருக்கும் கீழே நின்றது. மாதந்தோறும் கொடுத்த பங்கீட்டைக் கூட்டிக்கொண்டாலும் குறியீட்டுக்கு வெகு பின்னேதான். ஆண்டுக்குப் பத்துச் சதவிகிதத்துக்கு மேல் பங்கீடு என்ற விளம்பரத்தைப் படித்துச் சேர்ந்தவர்களுள் பலர், தம் முதலே தமக்குத் திரும்பி வந்துகொண்டிருந்ததைக் கவனித்ததில்லை.

பங்கே கையில் இல்லாமல் கால் விற்கும் நேக்கட் கால் வியாபாரம் வேறு ஜாதி. அதில் இழப்புக்கு எல்லையே கிடையாது. 2018 நவம்பரில் இயற்கை எரிவாயு விலை சடுதியில் ஏறியபோது, புளோரிடா மாநிலத்தில் இவ்விதம் கால் விற்றுவந்த ஒரு சிறு நிறுவனம் வாடிக்கையாளர்களின் முதல் முழுவதையும் சில நாட்களில் தொலைத்தது. சிலர் போட்டதற்கு மேலும் கடனாளிகள் ஆனார்கள். அதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் அந்த ஒப்பந்தங்களை அன்றாடம் ஆயிரக்கணக்கில் விற்கும் பெரிய வியாபாரிகள் எப்படிப் பிழைக்கிறார்கள்? அவர்கள் பங்கு ஏறும் என்றோ இறங்கும் என்றோ பந்தயம் கட்டுவதில்லை. கால் ஒன்றை விற்ற கணமே சூத்திரம் சொல்லும் அளவுக்குப் பங்கையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்; விலை ஏற ஏற மேலும் வாங்குகிறார்கள், இறங்கினால் விற்கிறார்கள். அவர்கள் ஆதாயம், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள சிறு வித்தியாசத்திலும், எதிர்பார்த்த அலைவுக்கும் நிகழ்ந்த அலைவுக்கும் உள்ள பேதத்திலும் இருக்கிறது. இதில் ஒரு விநோதமும் விளைகிறது. 2020 கோடையில் ஜப்பானின் ஸாஃப்ட்பேங்க் என்ற முதலீட்டு நிறுவனம் அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகள்மேல் கால் ஆப்ஷன்களைப் பெருமளவில் வாங்கியபோது, சிறு முதலீட்டாளர்களும் அவ்வாறே வாங்க, விற்ற வியாபாரிகள் தற்காப்புக்காகப் பங்குகளை வாங்க நேர்ந்தது. அதுவே விலையேற்றத்துக்கு மேலும் உந்துதல் தந்தது என்று சந்தை நோக்கர்கள் கருதினார்கள். அந்த ஏற்றத்தில் அகப்பட்டுக்கொள்பவர், பங்கை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் கவர்டு கால்காரர்தான்.

இவ்வளவும் சொன்னதால் இந்த முறையையே கூடாதென்று நான் ஒதுக்கவில்லை. சொத்தில் பெரும்பகுதி ஒரே பங்கில் முடங்கிவிட்டது, அதில் ஒரு பகுதியை எப்படியும் குறைக்க வேண்டும் என்று தீர்மானித்தவருக்கு, இன்ன விலைக்குப் போனால் போகட்டும் என்று ஸ்டிரைக் விலையைக் குறித்துக் கால் விற்பது மரியாதையான வழி. 2000 மார்ச்சில் 80 டாலரைத் தொட்ட ஸிஸ்கோ என்ற தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கு 2002 அக்டோபரில் 10 டாலருக்கும் கீழே கிடந்தது. அந்த உச்சத்தில் கால் விற்றுப் பங்கைப் பறிகொடுத்தவர் எவரும் பின்னால் புலம்பியிருக்கமாட்டார். ஆயிரம் பங்கு உள்ளவர் முந்நூறுக்கு மட்டும் விற்பதும், காலாண்டுக் கணக்கு வெளியாகும் தேதிக்கு முன்பே கெடு முடியுமாறு பார்த்துக்கொள்வதும் விவரமறிந்தவர்களின் பழக்கம். கணக்கு வெளியாகும் தேதி உள்ளே வரும்போது பிரீமியம் கொழுப்பது உண்மைதான். எதற்காகக் கொழுக்கிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

சாண்டா கிளாரா, சான் ஹோசே வட்டாரங்களில் பொறியாளர்களாக உள்ள நம்மவர் பலருக்குச் சம்பளத்தின் ஒரு பகுதி பங்காகவே வருகிறது. தம் நிறுவனத்துப் பங்கின்மேல் ஊழியர்கள் ஆப்ஷன் வியாபாரம் செய்யலாகாது என்று பல நிறுவனங்கள் விதித்திருப்பதால் பணியில் இருக்கும்வரை அவர்களுக்கு இந்தச் சபலம் எட்டாது. வேலை மாறியபின் எட்டும். அப்போது வரி வந்து குறுக்கே நிற்கும். 2015-இல் என்விடியா வாங்கியவருக்கு, இடையில் நடந்த பங்குப் பிரிப்பையும் கணக்கில் கொண்டால், 2023-இல் ஒரு பங்கின் அடக்க விலை 10 டாலருக்கும் குறைவு. முன்சொன்ன உதாரணத்தில்போல் 330 டாலருக்குப் பங்கு பறிபோனால் அதில் ஏறத்தாழ முழுத் தொகையும் மூலதன லாபம். மத்திய அரசின் வரி போதாதென்று கலிபோர்னியாவின் வரியும் சேரும். பழைய பங்கைக் காப்பாற்ற விரும்புகிறவர், மே 25 மாலையில் 379.80 டாலருக்குப் புதிதாக 100 பங்கு வாங்கி, அவற்றை 330 டாலருக்குக் கொடுத்து ஒப்பந்தத்தைத் தீர்க்க வேண்டியிருந்திருக்கும். அப்படித் தீர்ப்பதற்குக் கையிலிருந்து போவது 4,980 டாலர். முன்தினம் வாங்கியது 800.